சம்மாந்துறை, இரண்டாம் உலர்த்தி

நாற்பது நிமிடம் என்று எழுதியிருந்தேன்.
நாற்பத்தேழில் நின்றது.
இசதீன் கரிக்கட்டியால் சுவரில் குறித்து வைத்திருந்தான்:
ஏழு, ஏழு, ஆறரை, ஏழு.
"ஹப்சியா, உங்கட பெட்டிக்கு நேரம் தெரியாது.
நெல்லெல்லாம் குறுணலாப் போகுது."
குரலில் கோபமில்லை. உள்ளங்கையை விரித்தான்,
பாதி பாதியாய் அரிசி.

கிரிஸ்டலைச் சந்தேகித்தேன். மாற்றினேன்.
ஏழு.
மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைச் சந்தேகித்தேன்.
வேறு பவர் சப்ளை, வேறு கல்முனைக் கடை.
ஏழு.
மாவடிப்பள்ளித் தாம்போதியில்
இரண்டு பக்கமும் தண்ணீர் பார்த்தபடி வந்து
ஒரு சலிப்பில் ஈரமானியின் வயரைக் கழற்றினேன்.

நாற்பது.
நெல் காய்ந்ததா இல்லையா என்று
யாருமே சொல்லாத நாற்பது.

டைமர் மில்லிசெக்கனுக்கு ஒருதரம் வந்து தட்டும்.
எண்ணு என்பதைத் தவிர அதற்கு வேறு பேச்சில்லை.
ஈரமானி வாய் திறந்தால்
சிப் மற்றெல்லாக் கதவையும் சாத்திவிட்டு
ஒரு பிட், இன்னொரு பிட் என்று
மூச்சுப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.
அந்நேரம் வரும் தட்டு
வாசலில் கொடியொன்றை ஏற்றிவிட்டுப் போகும்,
திறந்ததும் பார்த்துக்கொள் என்று.
அதுவரை சரி.
ஆனால் ஈரமானி ஓரெழுத்தைச் சொல்லி முடிக்க
இரண்டு தட்டு நேரம் எடுக்கிறது.
இரண்டாவது வருகிறது.
கொடி ஏற்கெனவே மேலே.
ஏறிய கொடியை யார் எப்படி இன்னும் ஏற்றுவது?
வந்ததற்குச் சாட்சியில்லாமல் திரும்பிப்போகிறது.

ஒரு போடல் நெல்லுக்குள்
நாலு லட்சத்து இருபதாயிரம் பேர் இப்படித் திரும்பியிருக்கிறார்கள்.
கணக்கைத் தாளில் இரண்டுதரம் போட்டேன்.

சிப்புக்கு நல்ல காது ஒன்றும் இருக்கிறது.
எழுத்து முழுதாய்ச் சேரும்வரை
தானே ஏந்திவைத்திருந்து
பிறகு மெல்லத் தோளைத் தொடும் காது.
கதவு எதையும் சாத்தத் தேவையில்லை.
அதில் என் மடிக்கணினியைச் செருகியிருந்தேன்,
பிழை எங்கே பிழை எங்கே என்று கேட்பதற்கு.
மூன்று கிழமை.

பிடுங்கினேன்.
ஈரமானியை அங்கே சொருகினேன்.
இப்போது எனக்குத் திரையில்லை,
உள்ளே என்ன நடக்கிறதென்று வரி வரியாய்ச் சொல்ல யாருமில்லை.
பதின்மூன்றாம் பின்னில் ஒரு சின்ன விளக்கு
செக்கனுக்கு ஒருதரம் சிமிட்டியது.
உமித்தூசு அதன்மேலும் படிந்தது.

நாற்பதாவது நிமிடம் காற்றாடி தளர்ந்து நின்றது.
இசதீன் போனைப் பார்க்கவில்லை.
ஒரு நெல்லை எடுத்து உரித்துப் பல்லில் வைத்தான்.
டக்.
"ம்" என்றான்.
சுவரில் ஒன்றும் எழுதவில்லை.
கரிக்கட்டியை மட்டும்
கைக்கெட்டும் சட்டத்தின்மேல்
வைத்துவிட்டுப் போனான்.