பித்தளைப் பல்

மூடிப்போன பள்ளியின் பட்டறையிலிருந்து
பழைய இரும்பு விலைக்கு
ஒரு கடைசல் எந்திரம் வாங்கிவந்தேன்.
இறக்க நான்கு பேர், இரண்டு பெட்டி பீர்.
அவர்கள் போன பிறகுதான் பார்த்தேன்:
உள்ளே ஒரு சக்கரத்தில் இரண்டு பல் இல்லை.

புதுச் சக்கரம் கடைய கடைசல் வேண்டும்.
கடைசல் ஓட சக்கரம் வேண்டும்.
இப்படியொரு வட்டத்துக்குள் நிற்க
மாங்டனில் பிப்ரவரி
வசதியான மாதம்தான்.

பனி பெய்தால் நகராட்சி கூப்பிடும்;
பனித்தள்ளி வண்டி ஓட்டுகிறவள் நான்.
பெய்யாத இரவுகள் என்னுடையவை.
காரேஜில் சலவை எந்திரத்தின் மோட்டார்,
லாரி ஸ்பிரிங்கில் அடித்த உளி,
மருத்துவமனைக் கட்டிலின் மூன்று கால்,
எதற்கென்றே தெரியாத ஒரு தண்டு.
அதைத் தூக்கிப்போட மட்டும் சொல்லாதீர்கள்.

பல் மருத்துவர் கோர்மியே
தேய்ந்த துளைமுனைகளை
மாத்திரை டப்பாவில் சேர்த்துத் தருவார்.
யார் யார் வாயைக் குடைந்தவையோ!
வார்ப்பிரும்புக்குக் கூச்சம் கிடையாது,
திறந்த வாயை மூடச் சொல்லிக் கேட்பதுமில்லை.
உடைந்த இடத்தைச் சுத்தம் செய்து
துளையிட்டு, மரையிட்டு,
பல்லுக்கு மூன்று திருகு நட்டேன்.
பக்கத்துப் பல்லின் வடிவத்தை
காலை உணவு அட்டைப்பெட்டியில் வெட்டிக்கொண்டேன்.
பித்தளைக் கம்பி மட்டும்
காசு கொடுத்து வாங்கியது.

முழுச் சக்கரத்தையும் கரியடுப்பில் மெல்லச் சூடேற்றி
தீக்குழாயைக் காட்டினேன்.
பித்தளை தயங்கியது,
முத்தாகச் சுருண்டு நின்றது,
பிறகு மனம் மாறி
திருகுகளின் இடுக்கெல்லாம் ஓடியபோது
தொலைபேசி.

பனி.

அவசரமாக ஆறினால் வார்ப்பிரும்பு வெடிக்கும்.
சாம்பல் வாளிக்குள் புதைத்துவிட்டு ஓடினேன்.
விடியும்வரை தள்ளினேன்,
அப்போதுதான் வழித்துவைத்த வாசல்களில் எல்லாம்
மறுபடி வரப்புக் கட்டி.
ஒருவர் மண்வாரியை ஆட்டித் திட்டினார்.
எனக்கு நினைப்பெல்லாம் வாளியில்.

காலையில் சாம்பல் இன்னும் இளஞ்சூடு.
விரிசல் இல்லை.

ஒன்பது இரவு அராவினேன்.
பித்தளைத் தூள் மூக்கில், தலையணையில்,
ஒருமுறை சூப்பில்.
கையால் சுற்றினேன், சிக்கியது.
மயிரிழை அராவிச் சுற்றினேன், சிக்கியது.
சுற்றினேன்.

இப்போது ஓடுகிறது.
சுற்றுக்கு ஒருமுறை அந்த இடம் வரும்போது
'டிக்' என்கிறது.
கோர்மியே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்
குனிந்து காது கொடுத்தார்.
"கடி கொஞ்சம் உயரம்."
பையிலிருந்து நீலத்தாள் எடுத்தார்,
நம் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வாரே, அதே தாள்.
பற்களுக்கிடையே செருகி
நான் மெல்லச் சுற்றினேன்.
நீலம் ஒட்டிய இடத்தில்
இரண்டே இழுப்பு, அரம்.

இன்னும் 'டிக்' என்கிறதுதான்.
கொஞ்சம் பணிவாக.