14/20

மூன்று மினிபஸ்ஸுக்கு முதலாளி பச்சியண்ணன்.
அவர் கேட்டது ஒரு வெப்சைட், அதில் ஒரு மலை,
மலையில் அவர் வண்டி.
"வெரலால தள்ளினா ஏறணும்,
இழுத்தா எறங்கணும். அவ்ளோதாம்மா."

அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டி மாடியறையில், ஃபேன் மூன்றில் ஓட,
ஏற்காட்டுப் பாதையை ஒரே கோடாக வரைந்தேன்.
கொண்டை ஊசி வளைவு இருபது.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி,
புள்ளிக்கொரு கைப்பிடி.
கைப்பிடியைத் திருகினால் சாலை திரும்பும்.
நடுவில் தெரிகிற வளைவு எங்கேயும் சேமிப்பில் இல்லை.
யாராவது பார்க்கிறபோது
கணக்குப் போட்டுப் பிறக்கிறது,
மூடினால் மறுபடி வெறும் எண்கள்.

வண்டிக்கு முப்பத்தோரு கோடுகள்.
ஜன்னலில் தலைகள் வேண்டும் என்றார், வைத்தேன்.
ஒரு தலைக்கு மட்டும் ஜடை.
தொட்டால் திரும்பிப் பார்க்கும்.
அது யாரும் கேட்காதது.

ஒன்பதாம் நாள் ராத்திரி போன் வந்தது.
"ஏம்மா, என் வண்டி பள்ளத்துல வுழுவுது."

அவர் போனில் மட்டும்தான்.
பதினான்காம் வளைவில் சாலையை விட்டு
வெட்டவெளியில் நேராகப் போய்
பதின்மூன்றில் ஒன்றும் நடக்காததுபோல்
தார் மேல் ஏறிக்கொள்கிறதாம்.
"இருபத்திரெண்டு வருசம். ஒரு கண்ணாடி ஒடஞ்சதில்ல.
ஊருக்கே வுழுந்து காட்டுறியே."

என் போனில் விழவில்லை.
கீழே தட்டுவடை செட் போடுகிறவர் போனில் விழவில்லை.
காரச் சட்னி விரலால்
ஆறு தடவை ஏற்றி இறக்கினார்,
ஏழாவது தடவை ஜடையைக் கண்டுபிடித்துச்
சிரித்தார்.

சரி, மலைக்கே போவோம்.

மாதேசு ஓட்ட, முன்சீட்டில் நான்.
மடியில் முதலாளியின் விரிசல் போன்.
வளைவுக்கு வளைவு பலகை: ஒலி எழுப்பு.
எழுப்பினார்கள்.
இத்தனை சுருக்கமான ஒரு பொத்தானை
நான் இதுவரை எழுதியதில்லை.

ஏறும்போது ஒன்றுமில்லை.
இறங்கும்போது, 14/20 பலகையருகே,
மாதேசு ஓரங்கட்டி இன்ஜினைத் தணித்தார்.
கீழே ஜல்லி லாரி ஒன்று முனகிக்கொண்டு வந்தது.
"ஏறுறவனுக்குத்தான் வழி" என்றார்,
என்னிடம்கூட இல்லை, கண்ணாடியிடம்.

நின்ற நேரத்தில் ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளிப் பாறை.
முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன்.
பாசி. பாசிக்குள் இன்னொரு நிறப் பாசி.
அதற்குள் ஓர் எறும்பு, எறும்பின் வாயில்
யாரோ தின்ற பலாக்கொட்டையின் தோல்.
என் மலையை எவ்வளவு பெரிதாக்கினாலும்
அதே கோடு, இன்னும் கூர்மையாக.
இந்த மலை ஒவ்வொரு தடவையும்
வேறு ஒன்றைக் கையில் கொடுக்கிறது.

மடியில் இருந்த போனைச் சும்மா இழுத்தேன், வேகமாக.
விழுந்தது!
மறுபடி இழுத்தேன். மறுபடி.

விரல் அவசரம், போன் மெதுவு.
வளைவின் நடுப்புள்ளிகளைக் கேட்க நேரமில்லாமல்
இங்கிருந்து அங்கே நேர்கோடு போட்டிருக்கிறது.
குறுக்கே பள்ளம் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

லாரிக்காரர் கையை உயர்த்திவிட்டுப் போனார்.
மாதேசும் உயர்த்தினார்.
யார் விரலுக்கும் கட்டுப்படாத
ஓர் அரை நிமிஷம் அது.

அன்றிரவு இருபத்துநான்கு கோட்டில் ஒரு லாரி வரைந்தேன்.
இப்போது இறங்கும்போது, நீங்கள் எப்படி இழுத்தாலும்,
பதினான்கில் வண்டி ஓரங்கட்டும்.
லாரி ஏறிப் போகும். அதன் பிறகுதான்
உங்கள் விரல் சொல்வது செல்லும்.
காத்திருக்கும்போது ஜடைக்காரியைத் தொடலாம்.

முதல் வாரமே பெங்களூரிலிருந்து ஒருவர்
புக்கிங் எண்ணுக்குக் கூப்பிட்டு,
சைட்டு நடுவில் ஹேங் ஆகிறது என்றாராம்.

"ஹேங் இல்லீங்க" என்றிருக்கிறார் பச்சியண்ணன்,
"வழி வுடுது."