சாடு

பனச்சமூட்டில் ரோட்டின் அந்தப் பக்கம் கேரளம்.
லாட்டரிக் கடைக்கு மேலே, இருபத்திரண்டு படி.
முட்டு போனவர்கள் ஏறிப் போகிற இடத்துக்கு
இத்தனை படி வைத்தவனை
மூச்சு வாங்க வாங்க ஏசினேன்.
"ஏறி வந்தியல்லோ, பாதி டெஸ்ட் கழிஞ்ஞு"
என்றார் டாக்டர் ஷம்னா.

டிசம்பரில், குருசடி மைதானத்தில்,
ராத்திரி ஆட்டம். லைட்டைச் சுற்றிப் பூச்சி.
எம்பி அடித்தேன்.
இறங்கும்போது இடது கால் மட்டும் தரையில்.
காய்ந்த ரப்பர்க் கொப்பு ஒடிவது போல
ஒரு சத்தம், என் உள்ளேயிருந்து.
பந்து கோட்டுக்குள் விழுந்தது, பாயிண்டு எங்களுக்கு.
பிறகு அதை யாரும் எண்ணவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் ஸ்கேனைப் பார்த்தார்கள்.
அவர் மட்டும் கேட்டார்:
"விடியக்காலம் எத்தற மரம் வெட்டும்?"
முந்நூற்று நாற்பது.
"வெட்டிக் காட்டு, ஜெனிலெட்."
பேனாவைக் கத்தியாய்ப் பிடித்து
மருந்துக் கம்பெனி காலண்டரில்
சரிவாய் ஒரு கோடு இறக்கினேன்.
அவர் தரையில் குந்தி என் காலையே பார்த்தார்.
மரத்துக்கு ஒரு தடவை
இடது முட்டைத் திருகுகிறேனாம்.
பதினோரு வருசமாய்ப் பால்வெட்டு.
என் கையை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன்.

என் தொடையிலிருந்தே நாரை உரித்து
முட்டுக்குள் கட்டினார்கள் திருவனந்தபுரத்தில்.
"கட்டியது அவங்க. அத வேலைக்கு எடுக்கறது நீயும் நானும்."
வேலை என்றால்
துண்டைச் சுருட்டி முட்டுக்கடியில் வைத்து
அமுக்கு, விடு, அமுக்கு.
வலது தொடைக்குப் பக்கத்தில்
வேறு யாருடையதோ போல மெலிந்து கிடந்தது இடது.
ஐந்தாம் மாசம் நூறு மரம் தந்தார்,
சமதளத்தில் மட்டும், காலை மாற்றி வைத்து.
மரத்துக்கும் பழக்கமில்லை, எனக்கும்.
சிரட்டைக்கு வெளியே வழிந்த பாலைக்
கணக்குப்பிள்ளை தனியாக எழுதினார்.

எட்டாம் மாசம் சொன்னார்: சாடு.
அவர் பாஷையிலும் சாடு, எங்கள் பேச்சிலும் சாடு.
நர்ஸ் எடுத்துச் சொல்ல வேண்டியிராத வார்த்தை.
ஒற்றைக் காலில் சாடினேன்.
தையல்கடை டேப்பை விரித்து அளந்தார்.
வலது நூற்று இருபத்தாறு.
இடது நூற்று நாலு.
"போரா."
ஓணக் கோப்பைக்குப் பதினாறு நாள் இருந்தது.
வலியே இல்லை என்றேன். ஓடுகிறேனே என்றேன்.
எங்கள் ஊரில் உங்களைவிட நல்ல வைத்தியர் உண்டு என்றும் சொன்னேன்.
அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே
"போரா" என்றார், கொஞ்சம் மெதுவாக.

அருமனை பஸ் தோட்டத்தோரம் ஊர்ந்தது.
வெட்டி முடித்த பக்கத்தில்
புதுப்பட்டை வந்திருந்தது, வழவழவென்று,
ஆறிப்போனது மாதிரி.
இப்போது கத்தி வைத்தாலும் பால் வரும்.
வைக்க மாட்டோம். வருசக்கணக்கில் விடுவோம்.
பொறுக்காதவன் கை வைத்த மரம்
கட்டி கட்டியாய்ப் புடைத்து நிற்கும்,
பிறகு எந்தக் கத்திக்கும் அது இணங்காது.
இதை அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. மூன்று வாரம் கோபமாக இருந்தேன்,
துண்டை மட்டும் தினமும் சுருட்டினேன்.

பதினோராம் மாசம்
வலது நூற்று இருபத்தெட்டு, இடது நூற்று இருபத்தொன்று.
"பேடியுண்டோ?"
உண்டு.
அளவுக்குக் கீழே அதையும் எழுதிக்கொண்டார்,
அதே பேனாவால்.
"அது கூட வரட்டே. இறங்ஙும்போ ரண்டு காலும் வேணும்."

மறு டிசம்பர், அதே குருசடி, அதே பூச்சி.
மூன்றாம் செட்டில் உள்ளே விட்டார்கள்.
எம்பி அடித்தேன். பந்து வலையில் பட்டு
எங்கள் பக்கமே விழுந்தது. கூட்டம் "சே" என்றது.
நான் இறங்கிய இடத்திலேயே நின்றேன்,
இரண்டு காலிலும், முட்டை மடக்கியபடி,
சத்தம் ஏதாவது வருமோ என்று கேட்டுக்கொண்டு.
அதற்குள் அடுத்த சர்வீசுக்கு
விசில் ஊதிவிட்டார்கள்.