நானூற்றுப் பன்னிரண்டு ராண்ட்

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்,
குபேந்திரன் கேட்பதும் அதைத்தான்.

பங்களாதேஷ் சந்தையில், வெள்ளிக்கிழமை,
கத்தரிக்காய்க் கூடைகளுக்குப் பின்னால்
தார்ப்பாய் விரித்தவனிடம்
செத்த பிரிண்டர் ஒன்று: முப்பது.
அவன் ஐம்பது சொன்னான்.
வயிற்றைப் பிளந்தால் இரண்டு மோட்டார்,
ஒன்று பலசாலி, ஒன்று சோனி.
சக்கரம், ஜாம் பாட்டில் மூடிகள்,
சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியது: சும்மா.
உடம்பு, இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா.
முன்னால் உருள்வது
குபேந்திரனின் அக்குள் வாசனைக் குப்பியின் உருண்டை:
அதுவும் சும்மா, அவனுக்குத் தெரியும்வரை.
மூளைப் பலகை மட்டும் புதுசு,
சீனாவிலிருந்து ஆறு வாரம் வந்தது: நூற்றெண்பது.
சத்தத்தை வீசித் திரும்பப் பிடிக்கிற கண்: அறுபத்தைந்து.
மடிக்கணினி பாட்டரி, ஆறு அறையில்
மூன்று உயிரோடு: நாற்பது.
ஈயம், ஒயர், மோட்டாரை ஓட்டும் சில்லு
மிச்சத் தொண்ணூற்றேழு.

"இந்தக் காசுக்கு
ஒரு மாசம் மீன் டின் வாங்கலாம், சலோஷ்ணி."
வாங்கலாம்தான்.
"இது என்ன செய்யும்?"
சுவர்வரை போகும்.
சுவரைக் கண்டால் திரும்பும்.
"அவ்வளவுதானா?"
அவ்வளவும் நடந்தால்.

பதினேழு வருஷம் பிஸ்கட் வரிசையில் நின்றவள் நான்.
ஒடிந்ததைப் பொறுக்குவது வேலை.
கண்ணை மூடினாலும் பிஸ்கட் போகும்,
தூக்கத்தில் விரல் தானாக எடுக்கும்.
பிப்ரவரியில் கண்ணாடிக் கூண்டுக்குள்
மஞ்சள் கை ஒன்று வந்தது.
என்னை லேபிள் பக்கம் தள்ளினார்கள்.
எல்லாரும் என் கோபத்துக்காகக் காத்திருந்தார்கள்,
நானும்தான்.
வந்தது வேறு.
அந்த முழங்கைக்குள் என்ன இருக்கிறது?
ஒடிந்தது எது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?
ரிப்பேர்க்காரன் மூடியைக் கழற்றிய அன்று
எட்டிப் பார்த்தேன்.
"மேடம், மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

வீட்டில் மஞ்சள் கோடு கிடையாது.

முதல் தடவை புகை.
அடுத்தது, பின்னாலேயே போனது.
பிறகு ஒரு மாதம் ஒன்றுமே இல்லை,
ஒயரை மாற்றி மாற்றிக் குத்தியும்
மேசைமேல் செத்த ஆமை மாதிரி.
கட்டைவிரலில் சூட்டுத் தழும்பு.
டேப் தீர்ந்த ராத்திரி
நகப்பூச்சு தடவி ஒயரை மூடினேன்,
ரத்தச் சிவப்பு, கல்யாணத்துக்கு வாங்கியது.

சனிக்கிழமை நூலகத்தின் பின்அறையில்
எங்களைப் போல நாலைந்து பேர் கூடுவோம்.
நோம்ஃபுண்டோ ராத்திரி வார்டு நர்ஸ்;
ஐஸ் குச்சியில் ஆறு கால் வைத்த பூச்சி செய்கிறாள்,
ஐந்துதான் நடக்கிறது.
டாக்ஸி ஓட்டுகிற ரெக்கி
கதவைத் திறக்கும் கை செய்கிறான்,
அவன் வீட்டில் கதவைத் திறக்க ஆளில்லாமல் இல்லை.
ஏன் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.
மோட்டார் எங்கே மலிவு என்றுதான் கேட்போம்.
ஒரு தடவை மட்டும் நோம்ஃபுண்டோ,
தலையை நிமிர்த்தாமல்,
"வார்டில் எதுவும் என் கையில் இல்லை" என்றாள்.
பிறகு பசை கேட்டாள்.

நேற்று எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று.
யூனிட் ஏழு முழுக்க இருட்டு,
யாரோ ஜெனரேட்டரைத் திட்டும் சத்தம்.
டப்பாவைத் தரையில் விட்டேன்.
ஒரு சிவப்புப் புள்ளி கிளம்பியது.
இடப்பக்கமே இழுத்துக்கொண்டு,
குடித்தவன் பஸ் நிறுத்தத்துக்குப் போவதுபோல,
சுவர்வரை போனது.
நின்றது.
நான் மூச்சு விடவில்லை.
திரும்பியது.

மேசைக்கடியில் குபேந்திரனின் கால்.
அதன் முன்னாலும் போய் நின்றது.
அவன் காலை இழுத்து வழிவிட்டான்.
பிறகு, கொஞ்ச நேரம் கழித்து,
மறு காலை நீட்டி வைத்தான்.
"இங்கேயும் சுவர்" என்றான்,
என்னிடம் அல்ல.

பத்தரைக்கு வெளிச்சம் வந்தது.
அவன் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தான்.
குப்பி விஷயம்
இதுவரை தெரியாது.