காரணம்: கேட்

தாமதப் பதிவேட்டில் நான்கு கட்டம்.
பெயர், வந்த நேரம், காரணம், கையெழுத்து.
மூன்றாவதில் நான் எழுதுவது இரண்டே எழுத்து:
கேட்.

சௌம்யலதா மேடம் பக்கங்களைப் புரட்டினார்.
திங்கள் கேட். புதன் கேட். வியாழன், வெள்ளி கேட்.
"தினமும் நடக்கறது எப்படிம்மா காரணமாகும்?
அரைமணி முன்னாடி கிளம்புங்களேன்."
ஸ்கேன் சென்டருக்கும் அவர் வீட்டுக்கும்
ஒன்பது நிமிடம்; செல்போன் சொல்லும்.

முன்னாடி என்பது எங்கே இருக்கிறது மேடம்,
எழில் நகரில்?
நாலரைக்குத் தண்ணி லாரி.
குடம் ஏற்றி முடிக்க ஐந்தேகால்.
பிள்ளைக்குச் சோறு, எனக்குச் சோறு,
நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு மூடிவைத்த சோறு.
அதற்கும் முன்னாடி இருப்பது தூக்கம்.
அதிலும் கொஞ்சம் எடுத்துத்தான் பார்த்தேன்.
சீக்கிரம் போனால்
சீக்கிரமே மூடியிருக்கிறது கேட்.

கொருக்குப்பேட்டையில் நேரத்தைப்
பெட்டிக் கணக்கில் அளப்போம்.
நாற்பத்திரண்டு பெட்டி போனால் ஒரு ரயில்.
நடுவில் நின்றுவிட்டால் அதற்குக் கணக்கில்லை.
மஸ்தான் பாய் ஷேர் ஆட்டோவை அணைத்துவிட்டுப்
பல் குத்துவார்.
கன்னியம்மா கூடையில் ஐஸ் கரைந்து
எதிர் சீட்டு ஆளின் செருப்பை நனைக்கும்.

சில நாள் கரி. சில நாள் கன்டெய்னர்.
சில நாள், துறைமுகத்துக்குப் புதுக் கார்கள்.
வலைக்கம்பிக்குள் வரிசையாய்,
சீட்டுக் கவர்கூடப் பிரிக்காமல்,
உள்ளே ஒருவரும் இல்லாமல்
எங்களைத் தாண்டிப் போகின்றன
பயணம்.

எபினேசர் எட்டாவது படிக்கிறான்.
டையைப் பல்லில் கடித்துக்கொண்டு
நின்ற பெட்டிக்கு அடியில் நுழைந்து
அந்தப் பக்கம் எழுந்து தூசி தட்டுவான்.
ஒருநாள் நானும் குனிந்தேன்.
பாதியில் இருக்கும்போது
வண்டி ஒருதரம் சிலிர்த்தது,
மாடு ஈ ஓட்டுவதுபோல.
அவ்வளவுதான்.
அந்த ஒரு நொடியை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கேட்டைத் தாண்டினால் பஸ்.
பெண்களாக நிற்கும் ஸ்டாப்பைக் கண்டால்
கொஞ்சம் தள்ளிப்போய் நிறுத்துகிற பஸ்.
ஓசின்னா ஓடத்தான் வேணும் என்று
படிக்கட்டில் ஒரு குரல்.
மெட்ரோவில் வாங்களேன் என்கிறார்கள்.
மெட்ரோவும் கேட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

மேம்பாலம் வருமென்று மண் பார்க்க வந்தவர்கள்
துளை போட்டுவிட்டுப் போனார்கள்.
துளையில் மழைத்தண்ணி.
தவளை ஒன்று குடியேறி
வருஷம் ரெண்டாகிறது.

போன செவ்வாய்
கேட் திறந்திருந்தது.
மஸ்தான் பாய்க்கே நம்பிக்கையில்லை.
தண்டவாளத்தின்மேல் வேகத்தைக் குறைத்து
இரண்டு பக்கமும் பார்த்தார்.
பஸ் நின்றது. சீட்டும் இருந்தது.
நுங்கம்பாக்கத்தில் இறங்கியபோது
என்னிடம் பதினொரு நிமிடம் மிச்சம்.

"இன்னா ஆச்சு மேடம்,
உங்க சைடுல எதுனா பந்த்தா?" என்றார் வாட்ச்மேன்.
படியில் உட்கார்ந்தேன்.
பையில் மாற்று ரவிக்கை
மடிப்புக் கலையாமல் இருந்தது.
எதிர்க்கடையில், வேர்க்காத முகங்கள்
காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தன.
இவர்களுக்கு இது தினமும் கிடைக்கிறதா?
பதினொரு நிமிடத்தை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.
வேறு வழியில்லாமல்
பதிவேட்டை எடுத்தேன்.
வந்த நேரம்: எட்டு நாற்பத்தொன்பது.
காரணம்: கேட் திறந்திருந்தது.

மத்தியானம் பார்த்தால்
சிவப்பு மையில் அதை அடித்துவிட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார் மேடம்:
இது தாமதத்துக்கு மட்டுமான நோட்டு.

புதன்:
கேட்.