அரூர் – ஊத்தங்கரை, ஒன்பதாம் நாள்

ஒன்பதாம் நாள்தான் பஸ் விட்டார்கள்.
டிக்கெட் அதே விலை.
பையில் இருபத்திரண்டு வசூல் அட்டைகள்.
"போய்ப் பார், கேட்காதே.
கேட்காமலும் வந்துவிடாதே"
என்று சொல்லி அனுப்பியிருந்தார் மேலாளர்.

முதலில் வந்தது மரவள்ளிக் காடு,
ஒரே பக்கமாய்ச் சீவிவிட்ட தலைபோல.
அப்புறம் நெல்வயல்.
நெல் இல்லை. முழங்கால் உயரத்துக்கு
சுத்தமான, வெள்ளை, ஆற்றுமணல்.
"ஒரு யூனிட் என்ன விலை போகும்?"
என்றார் பின்சீட்டுக்காரர்.
யாரும் சிரிக்கவில்லை.
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

புளியமரத்து உச்சிக் கிளையில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
எவரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனாற்போல்
நேராக உட்கார்ந்திருந்தது.

பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரில்
இந்திய வரைபடம் காயப்போட்டிருந்தார்கள்,
நான்கு மூலையிலும் செங்கல் வைத்து.
வங்காள விரிகுடாவின் நீலம் கசிந்து
தர்மபுரிவரைக்கும் வந்திருந்தது.

ஓடைப்பாலத்தில் பாதி இல்லை.
"எல்லாரும் எறங்குங்க, நடந்து அந்தாண்ட போங்க,
வெறும் வண்டிய நான் ஓட்டியாறேன்."
இறங்கினோம்.
கால் கட்டிய கோழியோடு ஒருத்தி,
எக்ஸ்ரே கவரைத் தலைக்குமேல் பிடித்தபடி ஒருவர்,
பரீட்சைக்குப் போகும் இரண்டு பெண்கள்,
யாருடைய குழந்தையையோ தூக்கிக்கொண்டு கண்டக்டர்.
கம்பி நீட்டிக்கொண்டிருந்த இடத்தில்
முன்னே போனவர் கை கொடுத்தார்,
பெயர் கேட்கத் தோன்றவில்லை.
அக்கரையில் நின்று திரும்பிப் பார்த்தோம்.
சினை மாடுபோல மெல்ல மெல்ல வந்தது பஸ்.
என் சீட்டில்
நான் இடம்போட்ட கைக்குட்டை மட்டும்
உட்கார்ந்து வந்தது.

மாதம்மாள் குழுத்தலைவி.
வீட்டுச் சுவரில், சாமி படத்துக்கு மேலே,
சேற்றுக்கோடு.
அவள் அதைக் காட்டவில்லை, நானாகப் பார்த்தேன்.
இஸ்திரி போட்டுக் காயவைத்த பாஸ்புக்கை
நான் கேட்குமுன்பே கொண்டுவந்து வைத்தாள்.
பக்கங்கள் அப்பளம்போல் நொறுங்கின.
என் கையெழுத்து எல்லாம் ஊதா மேகம்.
எவ்வளவு பாக்கி என்று
அதில் யாராலும் படிக்க முடியாது.
"பதினோராயிரத்தி நானூறு"
என்றாள் அவளே.

தொண்டையைச் செருமினேன்.
அதற்குள் கேட்டுவிட்டாள்:
"நீ வந்த பஸ்சு பாலத்த தாண்டுச்சா?
நாளைக்கும் வருமா?"
அவ்வளவுதான், தெருவே கூடிவிட்டது.
டயாலிசிசுக்குப் போகணும் ஒருவருக்கு.
அழுகுமுன் கிழங்கை ஏற்றணும் பர்கத்துக்கு.
மகள் சேலத்தில் நிறைமாசம் இன்னொருத்திக்கு.
கடனைப் பற்றி ஒரு சொல் இல்லை.
எழுதிக் கொடு என்றார்கள்.
காகிதம் எந்த வீட்டிலும் இல்லை.
வசூல் அட்டையைத் திருப்பி
முதுகில் எழுதினேன்:
காலை ஆறு பத்து. ஒன்பது நாற்பது.
மாலை ஐந்தே கால், வந்தால்.
இருபத்திரண்டு முறை எழுதினேன்.

திரும்புகையில் இருட்டிவிட்டது.
மறுபடி இறங்கி,
செல்போன் வெளிச்சத்தில் மறுபடி நடந்தோம்.
கீழே தண்ணீர்
ஒன்றும் தெரியாதது மாதிரி
சலசலத்துக்கொண்டிருந்தது.
அக்கரையில் கண்டக்டர்
ஒவ்வொரு தோளாகத் தொட்டு எண்ணினார்.
அப்போது பார்த்து மேலாளரின் போன்.
"எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு" என்றேன்.

"ஆயிரமா?"

பஸ் கியர் மாற்றி மேடேறிக்கொண்டிருந்தது.
சரியாகக் காதில் விழவில்லை.