பதினான்கு அடி

ஞாயிறு காலை ஏழு மணிக்கு
பொகோட்டாவின் ஏழாம் சாலையில்
தடுப்புக் கட்டைகளை இழுத்துப் போடுவார்கள்.
பிற்பகல் இரண்டு வரை பேருந்துக்கு வழியில்லை.
வாரத்தில் ஆறு நாள் இதே சாலையில்
பேருந்து ஓட்டுகிற யொலிமா
இன்று அதன் நட்டநடுவில் நின்று
இரண்டு கையையும் விரித்து
வா, வா என்கிறாள்.

எதிரே ஹெல்மெட்டுக்குள்
பாதி முகம் காணாமல்போன மைத்தே. ஆறு வயது.
சைக்கிள் அவளுடைய பெரியப்பா மகனுடையது,
அவன் ஒட்டிய டைனோசர்
வாலில்லாமல் இன்னும் கம்பியில் தொற்றிக்கொண்டிருக்கிறது.

சீட்டைப் பின்னாலிருந்து பிடித்திருப்பவன் நான்.
எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.
குனிந்து ஓடத் தெரிகிறதே, போதும்
என்றுவிட்டாள் யொலிமா.

முதல் ஞாயிறு மழை.
இரண்டாவது ஞாயிறு முழங்கால்.
மூன்றாவது ஞாயிறு
நான் கையை விட்டேன் என்று சொல்ல முடியாது,
வியர்வையில் வழுக்கிவிட்டது.
பார்த்தால்
போய்க்கொண்டிருக்கிறாள்.

பதினான்கு அடி.
பிறகு என் காலாலேயே அளந்து பார்த்தேன்,
நாற்பத்தொன்றாம் நம்பர் ஷூ,
கூடவுமில்லை குறையவுமில்லை.
பதினைந்தாவது அடியில் ஆரஞ்சுச் சாறு வண்டி.
பழங்கள் உருண்டோட
கடைக்காரப் பெண் நிமிர்ந்து கேட்டாள்:
"உங்கள் பெண்ணா?"
"என் பெண்தான்" என்றாள் யொலிமா,
பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற குரலில்.

திங்கட்கிழமை டெப்போவில்
அது ஒரு முழுத் தெருவானது.
செவ்வாயன்று துன்ஹாவிலிருக்கும் தங்கையிடம்,
போனில், முப்பத்தொன்பதாம் தெரு வரை.
வியாழக்கிழமை சிக்னலில்,
எதுவும் கேட்காத போக்குவரத்துக் காவலரிடம்
கண்ணாடியை இறக்கிச் சொன்னாளாம்:
நாற்பத்தைந்தாம் தெரு வரை,
அதுவும் ஒரு கையை விட்டுவிட்டு.

நான் காவல் காக்கும் கட்டடத்தில்
நான்காம் மாடி அம்மாள் விசாரித்தார்,
உங்கள் மனைவியின் பேருந்தில்தான் வந்தேன்,
நிஜமா?
நிஜம்தான் என்றேன்.
சும்மா இருந்திருக்கலாம்.
"ஒவ்வொரு சிக்னலிலும் நின்று,
பார்த்துத்தான் கடந்தாள்" என்றும் சொன்னேன்.

சனி இரவு. அடுப்பில் சாக்லேட் பொங்குகிறது.
போர்வைக்குள்ளிருந்து மைத்தே:
"நாளைக்கும் நாற்பத்தைந்து வரை போகலாமா?"
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
பால் அடுப்பில் வழிந்தது.
யாரும் அணைக்கவில்லை.

முப்பத்திரண்டாம் தெருவில் தொடக்கம்.
"கையை எடுங்கப்பா. எனக்குத்தான் தெரியுமே."
எடுத்தேன்.

முப்பத்தாறில் என் மூச்சு நின்றது.
ஆற்றங்கரை ஊரில் பிறந்தவன்,
இந்த மேட்டு நகரத்தின் மெல்லிய காற்று
பன்னிரண்டு வருஷமாகியும் எனக்குப் பற்றவில்லை.
யொலிமா என்னைத் தாண்டி ஓடினாள்,
முப்பத்தொன்பதில்
விலாவைப் பிடித்துக்கொண்டு அவளும் நின்றாள்.
தூரத்தில் ஹெல்மெட்
தக்காளியளவு,
பிறகு மிளகளவு.
மலை மட்டும் அவளோடு போய்க்கொண்டிருந்தது.

நாற்பத்தைந்தில் அவள் நிற்கவில்லை.
நாற்பத்தைந்துக்கு அப்பால்
நாங்கள் பொய் எதுவும் சொல்லிவைக்கவில்லை.
அங்கிருந்து
அவள் தானாகத்தான் போனாள்.

நாற்பத்தேழில்,
பஞ்சர் ஒட்டும் கூடாரத்தடியில்
செயின் கழன்ற சைக்கிளோடு பிடித்தோம்.
தன்னைவிடச் சின்னப் பையன் ஒருவனுக்குப்
பிரேக் என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தாள்.
எங்களைப் பார்த்ததும்
"ஏன் இவ்வளவு லேட்?"

மறுநாள் டெப்போவில்
யொலிமா முதல்முறையாக உள்ளதை உள்ளபடி சொன்னாள்:
முப்பத்திரண்டிலிருந்து நாற்பத்தேழு.
ஒருவர் நம்பவில்லை.
போன வாரமே பாதியாகத்தான் எடுத்துக்கொண்டோம் என்று
சிரித்துவிட்டு வண்டியெடுக்கப் போய்விட்டார்கள்.
இரவு வந்து என்னிடம் புலம்பினாள்,
கோபத்திலும் முகம் மலர்ந்துதான் இருந்தது.

நான் ஆறுதல் சொன்னேன்.
பதினான்கை மட்டும் சொல்லவில்லை,
அவளிடமும்கூட.
அது என் காலளவு.
கூடவும் வேண்டாம்
குறையவும் வேண்டாம்.